வெள்ளைக்காரருக்குப் பிடித்த முகம்

இங்கிலீஷ் வாத்தியாருக்கு அமெரிக்கர் பேசுவது புரியாமலா போகும் என்று நம்பி, விழுப்புரத்தில் பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டுச் சினிமாவுக்குப் போனவன் நான். முதல் நாள் அவர் பேசியதில் எனக்கு விளங்கியது ‘குட்மார்னிங்’ ஒன்றுதான்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் தமிழ்ப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் அமெரிக்கர். யாருக்கோ கேமரா ஒன்றை ஒப்படைக்க மெட்ராஸுக்கு வந்தவர். அடுத்த கப்பலில் திரும்ப வேண்டியவரைப் பிடித்து ஒரு படம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்களாம். எடுத்தார், ஓடியது. இன்னொன்று எடுத்தார். வருஷங்கள் போனாலும் அவருடைய தமிழ் ‘சரி’, ‘வேணாம்’ இரண்டையும் தாண்டவில்லை. நடிகர்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் மொழிபெயர்க்க நான். அவர் மூக்கால் பேசுவதில் பாதியை ஊகித்துச் சொல்வேன், மீதியை நானே உண்டாக்குவேன். அப்படியும் படம் கெட்டுப்போகவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

கெடாததற்குக் காரணம், அவருக்கு வசனம் தேவைப்படாததுதான். காதைப் பொத்திக்கொண்டு நடிகரின் முகத்தையே பார்ப்பார். சத்தம் இல்லாமல் தனக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும் என்பார். அப்படித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நான் சினிமாவுக்குப் போவதற்கு முந்தைய வருஷம் என் மனைவி ஜுரத்தில் போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. பாடையில் ஒரு கீற்று பிரிந்து தொங்கியது. செருகிவிட்டேன். மறுபடி பிரிந்தது, மறுபடி செருகினேன். வந்தவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரியம் முடிந்ததும் மாமனார் என் சின்ன மகளைத் தூக்கி வளவனூர் போகும் தன் வண்டியில் உட்காரவைத்தார்.

“கட்னவளுக்கு ஒரு சொட்டு கண்ணீர் வுடாத ஆளு, பொண்ண எப்பிடி வளப்பாரு?” என்று மாட்டைப் பூட்டிக்கொண்டே கேட்டார். மாட்டிடம் கேட்கிற மாதிரி, எனக்குக் கேட்கும்படி. அப்புறம் போய்ப் போய்க் குழந்தையைக் கேட்டதற்கெல்லாம், “பாக்கலாம் மாப்ள” என்றார்.

ஏரிக்கரையில் ஒருநாள் சாவுக் காட்சி. கூலிக்கு வந்திருந்தவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு புரண்டார்கள். டைரக்டர் “வேணாம்” என்றார். பிலிம் கிடைக்காத காலம், வீணடிக்க முடியாது. நான் ஓரமாக நின்று பாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கீற்று சரியாகக் கட்டப்படவில்லை.

அவர் வந்து என் தோளைப் பிடித்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒரு துண்டைப் போர்த்தி, பாடை அருகே நிறுத்தினார். அவர் அப்போது சொன்னது மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது: ஒன்றும் செய்யாதே. நானும் செய்யவில்லை. கேமரா நின்றதும் என் கையைப் பிடித்தவர், கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு “சரி” என்றார்.

நம் பாஷை புரியாத மனுஷருக்கே புரிந்துவிட்டது. மாமனாரும் ஒரு தடவை பார்த்துவிட்டால் குழந்தையை அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. விழுப்புரம் கொட்டகைக்குப் படம் வந்ததும், பெஞ்சு டிக்கெட்டும் கொறிக்க வேர்க்கடலையும் வாங்கி அவரை அழைத்துப்போனேன். என் முகம் திரை முழுக்க வந்தது. ஒரு மல்லாட்டையை உரிக்கிற நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. மாமனார் உரித்துக்கொண்டிருந்ததை நிறுத்தியிருந்தார். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

வெளியே வந்து வண்டியில் ஏறினார். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பாத்தீங்களா மாமா?”

“பாத்தேன் மாப்ள. மூஞ்சி நல்லா தெளிவாத்தான் வுழுந்துகிது.”

“அப்போ, பாப்பாவ...”

மாமனார் கயிற்றைச் சுண்டினார். மாடுகள் நகர்ந்தன.

“அங்கயாவது அழுதிருக்கலாம் மாப்ள. அதுக்குத்தான் கூலி குடுத்தாங்களே.”