படிக்கல் கட்டிய ஊசல்

உருத்திரபுரத்துக் குடியேற்றத்தில் மழையில்லாத சிறுபோகம் வந்தால், எங்களுக்குக் கடவுள் சங்கக்கடைச் சுவர் மணிக்கூடுதான். காலையில் குளத்து மதகான துருசு திறந்ததும், மணிக்கூட்டைப் பார்த்துத்தான் வாய்க்கால் நெடுகிலும் வயலுக்கு இவ்வளவு நேரமென்று முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள். முதல் வயல் கமக்காரர் சங்கத் தலைவருடையது. கடைசி வயல் எங்களுடையது. பொழுதுபட நீர்ப்பாசன இலாகா ஆள் வந்து துருசைப் பூட்டிவிடுவான். மணிக்கூடு என்ன சொன்னாலும் அவனுக்கு அக்கறையில்லை.

ஒரு வருடம் மணிக்கூடு கொஞ்சம் பிந்தி ஓடத் தொடங்கியது. தலைவர் வைத்தியம் பார்த்தார். தராசுப் படிக்கல் ஒன்றைச் சணலில் கட்டி, ஊசல் குண்டுக்குக் கீழே தொங்கவிட்டார். பாரம் கூடினால் வேகம் கூடுமாம்! பாரவண்டில் பள்ளத்தில் பாய்வதைக் கண்ட மூளை, அதற்கப்பால் போகவில்லை. மணிக்கூடு முன்னையிலும் மோசமாகப் பிந்தியது. மற்ற எல்லாருடைய முறையும் நீண்டது; எங்கள் வயலுக்குத் தண்ணீர் எட்டுமுன் துருசு பூட்டு. கதிர் தள்ளும் பருவத்தில் நெல் மஞ்சளாகி, நிலம் வெடித்தது.

நான் பௌதிகம் படித்துவிட்டு, கை கால் சும்மா இராமல் திரிந்தவன். விடுவேனா? சங்கக்கடையிலேயே நடந்த சங்கக் கூட்டத்துக்குக் கயிறும் கல்லும் கொண்டுபோனேன். ஒரே நீளக் கயிற்றில் பெரிய கல்லும் சின்னக் கல்லும் சேர்ந்தே ஆடின. ஒன்றின் கயிற்றை நீட்டினேன்; அது பின்தங்கியது.

"பாரமில்லை ஐயா, நீளந்தான் கணக்கு. கீழ கல்லைக் கட்டி ஊசலை நீட்டிப்போட்டியள். அதைக் கழட்டிப்போட்டு, ஊசலின்ர அடியில இருக்கிற நட்டுச் சுரையைத் திருகிக் குண்டை மேல ஏத்துங்கோ."

"தம்பி, கொப்பர் உன்னைப் படிப்பிச்சது கல்லு ஆட்டவோ?" என்றார் தலைவர். சபை சிரித்தது.

பிறகு வாக்கெடுப்பு. மணிக்கூடு சரியென்று, எங்கள் வீட்டுக் கைகள் தவிர, அத்தனை கைகளும் எழும்பின. ஊசலின் வேகத்தைக் கை தூக்கித் தீர்மானிக்கும் மேதைகளை அன்றுதான் கண்டேன். கூடுதலாகத் தண்ணீர் குடித்த வயல்காரர் வேறென்ன செய்வார்கள்?

"சரி, மணிக்கூடு சரியெண்டே வைப்பம்," என்றேன். "நாளைக்கு முறையைக் கடைசி வயலில இருந்து தொடங்குங்கோ. ஆருக்கும் நட்டமில்லைத்தானே?"

"ஓமோம், அது ஞாயம்!" என்று எங்கள் பக்கத்து வயல்காரர் உடனே துள்ளினார். அப்படித் தொடங்கினால் கடைசி ஆள் யாரென்று தலைவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். முகம் கறுத்தது. கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, சணலைத் தானே அறுத்து, சுரையையும் திருகினார்.

"அந்தக் கல்லில எனக்கு முதலே ஒரு சந்தேகந்தான்," என்றார்.

மறுநாள் பொழுதுபடுமுன் எங்கள் வயலில் தண்ணீர் ஏறி நின்றது. தலைவர் வரம்பில் நின்று, ஊசலுக்கு நீளமே முக்கியம், பாரமல்ல என்று என் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.