நீட்ட வராத கை

பாச்சாங் கிளினிக்கில் பிசியோதெரபி பெண் என் வலது கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொன்னாள். தோளுக்கு நேராக வந்ததும் உள்ளே 'டக்'கென்றது. அதற்கு மேல் போகவில்லை. அந்தச் சத்தத்தை நான் சின்ன வயதில் அப்பாவின் முழங்கையில் கேட்டிருக்கிறேன்.

பாயா ரும்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். லோரியிலிருந்து விழுந்து முழங்கை உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகு கை மடங்கியது, நீட்டத்தான் வரவில்லை. சோறு வாய்க்குப் போனது, கத்தி மரத்துக்கு எட்டவில்லை. அவருடைய மரங்களை அம்மா சீவப் போனார்.

சாயங்காலமானால் அப்பா தைலம் தேய்த்துக்கொண்டு, தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டபடி நிற்பார். கனம் இழுத்தால் கை நேராகுமாம்.

"இன்னும் கொஞ்சம் நீட்டுங்களேன்" என்பார் அம்மா.

"வந்தா நீட்ட மாட்டேனா? வரமாட்டேங்குதுடி!"

ஒருநாள் வாளியைத் தகரச் சுவரில் வீசியடித்தார். அம்மா தரையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு என்கூட வாங்க. பால் தூக்க மடங்கின கை போதும்லா."

மறுநாள் போனார். அம்மாவுக்குப் பின்னால், யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். கை கடைசிவரை நேராகவில்லை.

"இன்னும் கொஞ்சம் மேல, ஆன்ட்டி" என்றாள் பிசியோதெரபி பெண்.

"முடியலன்னு சொல்றேன்ல!"

வெளியே காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது. அன்றைக்கு அப்பாவுக்கு முப்பத்திரண்டுதான்.