ஒரு கூடை, இரண்டு விரல்

வெர்னெல் டிப்பெட்ஸ் பகலெல்லாம் பிட்ஸ்பர்க் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். ஆட்டம் இருக்கும் நாட்களில் ரிவர்மென் கூடைப்பந்து அணியின் அரங்கில், ஆடுகளத்தை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து புள்ளி எழுதுவாள். இருபத்தாறு வருடமாக அவள் எழுதியதில் முக்கால்வாசி சொந்த ஊரின் தோல்விதான்.

அந்தக் கோடையில் குவின்சி பாஸ்கமும் ஆர்லோ டீனும் ரிவர்மென்னில் சேர்ந்த செய்தி வந்ததும் ஊரே கூத்தாடியது. லீக்கிலேயே முதல் இரண்டு ஆட்டக்காரர்கள் அவர்கள். ஐந்து வருடமாக ஒருவருக்கொருவர் ஆகாதவர்களும்கூட. ஆர்லோவின் புருவத்தில் இருந்த தழும்பு குவின்சியின் முழங்கை போட்டது.

"இருக்கிறது ஒரே பந்து. ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டுச் சாவானுங்க பாரு," என்றார் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டக் கடிகாரம் பார்க்கும் வால்ட்.

"நீ கடிகாரத்தைப் பாரு, சாமி."

முதல் ஆட்டம் ஞாயிறு மதியம். அவர்கள் அடித்துக்கொள்ளவில்லை, அதைவிட மோசம். இவன் அவனுக்குக் கொடுக்க, அவன் இவனுக்கே திருப்பிக் கொடுக்க, பந்து கூடைப் பக்கமே போகவில்லை. பாதி ஆட்டத்தில் பதினேழு புள்ளி பின்தங்கினார்கள். கூட்டம் ஊளையிட்டது.

மூன்றாவது கால் பகுதியில் குவின்சிக்குப் பொறுமை போனது. மேசைக்கு நேர் முன்னால் நின்று ஆர்லோவைப் பார்த்துக் கத்தினான்: "சம்பந்தி வீட்டு விருந்தாடா இது? போடுடா கூடையில!"

"நீ வழியை விட்டு நகர்ந்தாத்தானே போடுவேன், தடிமாடு!"

அந்த ஏச்சோடு கூச்சமும் போயிற்று. ஆர்லோ தூரத்திலிருந்தே போட்டுத் தள்ளினான். எதிரணி அவனை மொய்த்தபோது குவின்சி உள்ளே புகுந்தான். வெர்னெல்லின் பேனா அவர்களைத் துரத்தி ஓடியது. பதினேழு ஒன்பதானது, நாலானது, ஒன்றானது.

இரண்டு வினாடி மிச்சம். ஆர்லோ எறிந்தது வளையத்தில் பட்டு எகிற, இருவரும் சேர்ந்தே எழும்பினார்கள். பந்து உள்ளே விழுந்தது. மணி அடித்தது. அரங்கம் அதிர்ந்தது. மேசையில் இருப்பவர்கள் ஆரவாரம் செய்யக் கூடாது. வெர்னெல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வியர்வை சொட்ட இருவரும் அவளிடமே ஓடிவந்தார்கள்.

"வெர்னெல்லம்மா, அது இவன் கூடை," என்றான் குவின்சி, ஆர்லோவைக் காட்டி.

"பொய்ம்மா! கடைசியா தட்டினது இவன் விரல்தான்."

வெர்னெல் நிமிர்ந்து பார்த்தாள். என் பெயரில் எழுது என்று கெஞ்சியவர்கள், மிரட்டியவர்கள் எத்தனையோ பேர். அவன் பெயரில் எழுது என்று இதுவரை ஒருவனும் கேட்டதில்லை.

"உங்க ரெண்டு பேரையும் யாருப்பா கேட்டா? என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்றபடி ஆர்லோவின் பெயருக்கு நேரே இரண்டு புள்ளி போட்டாள்.

படப்பதிவை ஓட்டிப் பார்த்தபோது அவள் எழுதியதே சரி என்றானது. ஒரு நகத்தளவு வித்தியாசம்.

"சொன்னேன்ல!" என்று குவின்சி ஆர்லோவை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான்.

வால்ட் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தில் ரிவர்மென் ஐம்பத்தொரு ஆட்டம் வென்றது. அதில் சொந்த அரங்கில் வென்ற அத்தனையையும் வெர்னெல் தன் கையாலேயே எழுதினாள்.