சவுரி அக்கா காட்டிய தாய்

எங்கள் ஒலக்கூர்ப் பக்கம் களத்தில் மல்லாட்டைச் செடியிலிருந்து வேர்க்கடலை ஆயும்போது பெண்களுக்கு அலுப்புத் தெரியாமலிருக்க ஒருத்தி படக்கதை சொல்வாள். அந்த ஒருத்தி எப்போதும் சவுரியம்மாள்தான். திண்டிவனத்தில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால், படத்தைவிட அவள் சொல்லும் கதை நன்றாக இருக்கும். அதைக் கேள்விப்பட்டு டூரிங் டாக்கீஸ் முதலாளி சக்கரபாணி அவளைக் கூப்பிட்டனுப்பினார். 1986இல் அவருக்கு மலிவாக ஒரு ஹாங்காங் படம் கிடைத்திருந்தது. பேச்சு முழுக்கச் சீனம். மைக்கில் கதை சொல்ல ஆள் வேண்டும்.

"ஜனங்க கூச்சல் போட்டா நாளைக்கு நீ களத்துக்கே போயிடணும்" என்றார்.

சின்ன வயதிலிருந்து களத்தில் குந்திக் குந்தி அவளுக்குத் தீராத முதுகுவலி. மைக்குக்குப் பின்னால் சாய்வு வைத்த நாற்காலி இருந்தது. அதை இழக்க அவளுக்கு மனமில்லை.

வெளிநாடுகளில் ஆயா வேலை பார்த்துத் திரும்பியிருந்த என்னையும் இழுத்துப் போனாள். "நீ ஹாங்காங்குல இருந்தவதானே, பக்கத்துல குந்து." என் சீனம் காய்கறி வாங்கத்தான் போதும்.

படத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவன் சட்டை கசங்காதவன். மற்றவன் குளித்தே பல நாளானவன் மாதிரி இருந்தான். ஒரே ஜீப்பில் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். மூங்கில் சாரத்திலிருந்து குதித்தார்கள், மீன் சந்தையில் புரண்டார்கள், நடுவில் ஒரு கிழவியின் நூடுல்ஸ் கடையில் சாப்பிட்டார்கள். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. சவுரி அக்கா மைக்கைப் பிடித்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்க! திருவிழாவுல பிரிஞ்சிட்டாங்க. தெரியாம அடிச்சிக்கினு கெடக்கறாங்க!"

"அக்கா, அப்படியெல்லாம் இல்லக்கா."

"சும்மா இருடி. இத்தினி சண்டையிலயும் ஒருத்தன ஒருத்தன் ஏன் வுட்டுட்டுப் போவல?"



வில்லன் பிடிபட்டான். ஜீப் வெடித்தது. இருவரும் சிரித்தார்கள். படம் முடிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"பெத்தவ எங்கம்மா?" என்று மணல்தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "கூடப்பொறந்தவங்கன்னியே, அம்மாவ காட்டு!"

"கடைசி ரீல வெட்டிட்டான்யா!"

விசில் பறந்தது. சக்கரபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். சவுரி அக்காவின் கை நாற்காலியை இறுகப் பிடித்தது.

"காட்டனேனே, நீங்கதான் பாக்கல! சேமியாக்கடையில ரெண்டு பேருக்கும் போட்டுட்டு நின்னாளே ஒரு கெழவி, அவதான்! சொன்னா ரவுடிங்க புள்ளைங்கள வுடமாட்டானுங்கன்னு மனசுலயே வெச்சிக்கினா."

கூட்டம் அடங்கியது. பிறகு யாரோ கத்தினார்கள்: "அத்த திரும்பப் போடு!"

சக்கரபாணி ஆபரேட்டருக்குக் கை காட்டினார். ரீல் சுற்றி வந்ததும் கிழவி மறுபடி வந்தாள். போலீஸ்காரர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று ஏதோ சொன்னாள். "கடை மூடணும், எழுந்திருங்க." ஹாங்காங் சந்தையில் நான் தினமும் கேட்ட சொற்கள்தான். பெண்கள் பக்கத்தில் அழுது மூக்கை உறிஞ்சினார்கள். கிழவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடை மூட நிற்பவள் அப்படிப் பார்ப்பாளா?

"நாளைக்கு ஜல்தியா வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார் சக்கரபாணி.

சவுரி அக்கா நன்றாகச் சாய்ந்துகொண்டாள். மைக்கைப் பொத்திக்கொண்டு, "நெசமா என்னாடி சொன்னா அவ?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். திரையில் கிழவி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"தெரியலக்கா" என்றேன்.