மாமாவின் வேனாக்கா

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, ஸ்பானிய மொழி தெரியும் என்று தென்காசியில் எங்கள் தெரு முழுக்கப் பெயர். உள்ளதைச் சொன்னால் அவருக்குத் தெரிந்தவை ஏழெட்டு வார்த்தைகள்; அத்தனையும் ஏவல். கொழும்பில் கப்பலேறி, அதன் அடுப்படியில் ஆறு வருஷம் பாத்திரம் தேய்த்தவர் அவர். அங்கே தலைமைச் சமையல்காரனாக இருந்த ஸ்பானியன் ‘உட்கார், வா, அசையாதே’ என்று அவரை விரட்டிய பாஷைதான் அது. ஊருக்குத் திரும்பியதும், தாம் வாங்கிய ஏவலையெல்லாம் ஒரு செவலை நாய்க்குக் கொடுத்துவிட்டார்.

“தமிழ்ல சொன்னா என்னலே? அது நம்ம ஊரு நாய்தான?” என்று அம்மா கேட்பாள்.

“தமிழ்ல பழக்குனா திருட வாரவனும் உக்காருன்னு சொல்லுவான். இதுவும் உக்காந்துரும்லா” என்பார் மாமா.

நியாயமாகத்தான் பட்டது. ‘சியேந்தத்தே’ என்றால் நாய் உட்காரும். ‘கியேத்தோ’ என்றால் மூக்கில் ஈ மொய்த்தாலும் அசையாது. ‘வேனாக்கா’ என்றால் ‘இங்கே வா’ என்று அர்த்தமாம்; தெருக்கோடியில் இருந்தாலும் பாய்ந்து வந்துவிடும். கீரை விற்க வருகிறவள் இதைப் பார்த்துவிட்டு, “வேணாக்கான்னு சொல்லுதாரு, அது வருது! என்ன கூத்து இது?” என்று கூடையை இறக்கிவைத்துச் சிரித்தாள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். அவர் வீட்டில் இருந்த அந்த எட்டு மாதமும் எங்களுக்குத் தினம் திருவிழாதான்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. தாயும் தகப்பனும் போனபின் அவளே வளர்த்த பிள்ளை. அவரை இனிக் கப்பலேற விடக்கூடாது என்பது ஒன்றே அவள் நினைப்பு. குற்றாலத்தில் பழத்தோட்டம் வைத்திருந்த ஒருவர், குரங்குத் தொல்லை பொறுக்கமாட்டாமல், நாயோடு ஒரு காவலாள் தேடிக்கொண்டிருந்தார். அம்மா யார் யாரையோ பிடித்து அவர் காதில் மாமாவைப் பற்றிப் போட்டுவைத்தாள்.

“வேலை கெடச்சுட்டா இங்கனயே இருந்துருவேல்லா?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் மாமா நாயின் காதைத் தடவிக்கொண்டே, “மொதல்ல கெடைக்கட்டும்க்கா” என்பார்.

சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஓர் ஆனி மாதக் காலையில், மாட்டுவண்டியில் நாங்கள் மூன்று பேரும் நாயுமாகக் குற்றாலம் போனோம். தோட்டக்காரர் ஒரு கூடை மங்குஸ்தானைப் பலாமரத்தடியில் வைக்கச் சொன்னார். கூடைக்குப் பக்கத்தில் நாயை உட்கார்த்தி, “கியேத்தோ” என்று சொல்லிவிட்டு மாமா எங்களிடம் வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மரத்தில் குரங்குகள் பல்லைக் காட்டின, கிளையை உலுக்கின. நாய் உறுமியதே தவிர இடத்தைவிட்டு எழவில்லை. ஒரு குரங்கும் இறங்கவில்லை. “பரவாயில்லயே, ஆள் கெட்டிக்காரன்தான்” என்றார் தோட்டக்காரர்.

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மாமாவின் பக்கம் திரும்பி, “பாத்தியாலே, வேலை ஒனக்குத்தான்” என்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரரின் மகள் மங்குஸ்தான் ஒன்றை உரித்து என்னிடம் நீட்டினாள். வெளியிடத்தில் யார் எது கொடுத்தாலும் முதலில் மறுக்கவேண்டும் என்பது அம்மா எனக்குப் போட்டிருந்த சட்டம். வாயில் எச்சில் ஊற ஊற, “வேணாக்கா” என்றேன்.

நாய் பாய்ந்து வந்தது. மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் நாய் என்ன வித்தியாசத்தைக் கண்டது! கண்ணை மூடித் திறப்பதற்குள் கூடை மரத்தின் மேல் இருந்தது. தோட்டக்காரரின் தலைப்பாகையில் ஒரு மங்குஸ்தான் தோடு வந்து விழுந்தது.

“நான்தான் சொல்லிட்டேன், நான்தான்” என்று ஓவென்று அழுதேன். மாமா என்னைத் தூக்கிக்கொண்டார்.

“பிள்ளை மேல தப்பில்ல அண்ணாச்சி. நான்தான் கூப்பிட்டேன்” என்று தோட்டக்காரரிடம் சொன்னார். எனக்காக இப்படிப் பொய் சொல்கிறாரே என்று அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதேன்.

வேலை போயிற்று. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மாமாவிடம்தான் வழி முழுக்கப் பேசவில்லை. அடுத்த வாரமே அவர் நாயை எங்களிடம் விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு ரயிலேறினார். பிறகு யுத்தம் வந்தது, கடிதங்கள் நின்றன. என் வாய்தான் மாமாவைக் கடலுக்கு அனுப்பியது என்று பல வருஷம் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

நாயோ நான் கூப்பிட்டு ஒருநாளும் வந்ததில்லை. கொல்லையில் நின்று தொண்டை வற்ற ‘வேனாக்கா, வேனாக்கா’ என்று கத்துவேன். தலையைத் தூக்கி ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். மாமாவைப் போகவைத்தவள் என்று என் மேல் கோபம்போலும் என்று எண்ணிக்கொண்டேன். அது அவர் குரலுக்கல்லாமல் வேறு எந்தக் குரலுக்கும் எழுந்துவராத நாய் என்பது புத்தியில் உறைக்க, எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறக்க வேண்டியிருந்தது.

மாமா பொய் சொல்லவில்லை. எங்கள் மேல் உயிரையே வைத்திருந்தவருக்கு எங்களை விட்டுப் போகவும் ஆசை இருக்கும் என்பது எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? அன்று நான் வாயைத் திறந்த அதே நேரத்தில் என் தலைக்கு மேலே இன்னொரு குரலும் அதையே சொல்லியிருக்கிறது. நாய் அதைக் கேட்டுத்தான் ஓடிவந்தது. அம்மாவும் அதைக் கேட்டாள். அவள் காதில் அது தமிழாகவே விழுந்திருக்கிறது.