ஜெரீனா சொல்லச் சொல்ல...

“உங்க வூட்லயே மொத மொதலா பள்ளிக்கூடம் போனது நீதானாம். என் பொண்ணுக்கு நீ எழுத்து ஏத்திடுவியாம்மா?”

போன வருடம் மகள் ஜெரீனாவை என் டியூஷனில் சேர்க்க வந்தபோது ரஹீம் பாய் கேட்டது. திருப்போரூரில் சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் ரேஷன் கார்டிலிருந்து பஸ் போர்டு வரை எல்லோருக்கும் படித்துச் சொன்னவள் நான். பி.ஏ. முடித்தவள். என்னிடமா இந்தக் கேள்வி?

அந்த ரோஷத்தை யார் மேல் காட்டினேன்? ஜெரீனா மேல்தான். ஒன்பதாம் வகுப்புப் பெண். ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறிப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடும். எழுதினால் எழுத்துகள் இடம் மாறும். ஐம்பது தடவை எழுது என்றேன். நான் மேலே வந்த வழி அதுதானே? எழுதிக்கொண்டு வந்தாள். ஐம்பது தடவையும் ஒரே இடத்தில் ஒரே தப்பு.

சோம்பேறிக்கு இவ்வளவு ஒழுங்காகத் தப்புப் பண்ண வராது. அன்றைக்குத்தான் உறைத்தது.

பிறகு செங்கல்பட்டில் ஒரு கூட்டத்தில் டாக்டரம்மா ஒருவர் பேசக் கேட்டேன். டிஸ்லெக்ஸியா என்ற வார்த்தையே எனக்கு அங்கேதான் அறிமுகம். ‘புத்தியில் குறை இல்லை, எழுத்துதான் பிடிபடாது. வேறு எதில் கெட்டிக்காரி என்று தேடுங்கள்’ என்றார். தேடிக்கொண்டே இருந்தேன்.

போன ஞாயிறு கிடைத்தது. எங்கள் தெருக் கோடியில் ஒரு காலி மனை. கல்யாணத்துக்கு பாயின் ஆட்கள் பந்தல் போடுகிறார்கள். ஜெரீனா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“அண்ணே, அந்தக் கம்பத்த நாலடி தள்ளி நடு. சாயங்கால வெயிலு பொண்ணு மூஞ்சில அடிக்கும். டேபிள நீட்டுவாக்குல போடாத. குறுக்கால போட்டா பந்திக்குப் பத்து எல கூட வரும்.”

“இன்னா இஞ்சினீயரம்மா, டேப்பு வச்சி அளந்தியா?” என்றார் கம்பம் நடுகிறவர்.

“பாத்தாலே தெர்தே.”

நான் பேப்பரில் படம் போட்டுக் கணக்குப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. பத்து இலைதான்!

ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போய் பாயிடம் சொன்னேன். இடத்தைப் பார்த்ததுமே அளவு மனதில் ஓடுகிறது பாய், இது பெரிய திறமை, என்னாலேயே முடியாது... பெருமையில் மூச்சு வாங்கியது எனக்கு.

பாய்க்கும் சந்தோஷம். “அப்ப ஸ்கூலு இன்னாத்துக்கும்மா? பத்தாவது ஃபெயிலாயி வூட்ல குந்தறதுக்கு இப்பவே கடையில குந்தட்டும். நீயே சொல்ட்ட. நாளைக்கே டி.சி. கேட்டுடறேன்.”

அந்தப் பெண்ணைப் படிப்பில் நிறுத்தி வைக்க நான் தேடிய திறமை. அதை வைத்தே படிப்பை நிறுத்தப் போகிறாரே... நானே எடுத்துக் கொடுத்துவிட்டேனா?

டாக்டர் பார்த்து சர்ட்டிஃபிகேட் கொடுத்தால், பரீட்சையில் இவள் வாயால் சொல்லலாம், வேறொருவர் எழுதுவார் என்றேன். பாய் முகம் மாறியது.

“மூள சரியில்லன்னு சர்ட்டிபிகேட்டா? நாளைக்கு யாரும்மா இவளப் பொண்ணு கேட்டு வருவான்? அது மட்டுமில்ல. இன்னொருத்தன் எழுதினா அது எப்டி இவ பாஸானதா ஆவும்?”

பந்தலிலிருந்து வந்து கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெரீனா நிமிராமலே கேட்டாள்.

“அத்தா, எந்தக் கல்யாணத்துக்கு இன்னா சாமான் போணும்னு நீ சொல்லச் சொல்ல சலீம் மாமாதான சீட்டு எழுதறாரு? அதுக்காவ கட மாமாவோடதா?”

பக்கத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த சலீம் மாமா தலையைக் குனிந்து சிரித்தார்.

“பாக்கலாம்” என்றார் பாய், அந்தச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டே.

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? சரியா, வேண்டாமா? திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் பாயின் டி.வி.எஸ். ஃபிப்டி நிற்கிறதா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. செவ்வாயும் இல்லை. அதற்காக நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். என்னைப் படிக்க வைக்க எங்கள் அப்பா தயங்கிய நாட்களில் யாரோ ஒருவர் இப்படி எட்டிப் பார்த்திருப்பாரோ என்னவோ.

புதன்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் செங்கல்பட்டு டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். பிள்ளை பெயர் கேட்டார்கள், சொன்னேன்.

கூட வருபவர் யார் என்று கேட்டார்கள். ஒரு நிமிடம் யோசித்து, ‘அவளோட அத்தா’ என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல்தான் பாயிடம் சொல்ல வேண்டும்.