தேருக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர்

மழை விட்ட பிறகும் எங்கள் ஒற்றையறை "காம்பரா"வின் பக்கச்சுவரில் இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் பச்சை வாடை முகத்தில் அடிக்கும். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. தோட்டத்தை நிர்வகித்த "தொரை"யின் பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்த அப்பா, அங்கே சுவரை மூடியிருந்த கொடியில் ஒரு தண்டை ஒடித்து வந்து நட்டிருந்தார். வேரைப் பதித்து ஏறுகிற சாதி. பங்களாச் சுவர் கல்லும் சிமெந்தும். எங்களுடையது கருங்கல்லை மண்வைத்து அடுக்கிய பழைய சுவர். கொடி சுவரைத் தின்கிறது என்பார் பக்கத்து வீட்டு மாமா. சாரலைத் தடுக்கிறது என்பாள் அம்மா.

அந்த வருடம் மாரியம்மன் தேர் எங்கள் லயத்து வழியாக வருமென்று கோயில் கமிட்டியில் முடிவானது. தேர் வரும் பாதையில் எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். இப்படிப்பட்ட கொடியை அடியில் அறுத்து, காய்ந்து தானாகப் பிடிவிடும்வரை பொறுக்க வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். பங்களாவில் அப்படித்தான் செய்வார். ஆனால் தேருக்கு நாளில்லை. பச்சையாகவே பிடித்து இழுத்தார்.

"இருக்கட்டுங்க. பச்சைய பாத்தா ஆத்தா கோவிச்சுக்கவா போறா?" என்றாள் அம்மா.

"நம்ம வீடு மட்டும் காடு மாதிரி இருந்தா லயமே சிரிக்கும் புள்ள."

கொடியோடு மண்ணும் பெயர்ந்து வந்தது. கல்லிடுக்கில் விழுந்த ஓட்டைகளை ஈரமண்ணால் அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்தார். இனித் தொரையே இங்கு குடிவந்துவிடுவார் என்று மாமா கிண்டல் செய்தார். தேர் வந்தபோது எங்கள் சுவர்தான் வெள்ளைவெளேரென்று நின்றது.

அடுத்து வந்த பெருமழையில் அம்மாவுக்குக் காய்ச்சல். கொழுந்தெடுக்கப் போகாமல் அந்தச் சுவரோரம் படுத்திருந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சுவர் இல்லை. அம்மாமேல் விழுந்த கற்களை எடுத்து முடித்திருந்தார்கள். எதிர்ச்சுவரில் சாமிப்படம் கோணாமல் மாட்டியபடியே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

கொடிதான் சுவரைக் கெடுத்தது என்றார்கள் சிலர். இழுத்ததுதான் கெடுத்தது என்றார்கள் சிலர். சாமிக்குத்தம் என்றவர்களும் உண்டு. அப்பா சாகும்வரை அதைப்பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினார்.

"காய விட்டிருக்கணும்."



இப்போது அந்த லயமே இல்லை. கல்லையெல்லாம் ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடும் கான் கட்ட ஏற்றிப்போய்விட்டார்கள். சிமெந்துக்கல் வீட்டில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறேன். அம்மனைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. சுண்ணாம்பு அவள் கேட்டதில்லை. தேர் வந்தால் தட்டெடுத்துப் போய், பூசாரி கேட்கும்போது பிள்ளைகள் பெயரைச் சொல்லி, கைகூப்பி நிற்கிறேன். வேண்டிக்கொள்ளத்தான் ஒன்றும் வருவதில்லை.